தானா மாறுற ஆயில்

பெரியவரின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் தெருவில் துணி காயப் போட்டிருப்பவர்கள் ஓடிவந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மழைக்குக்கூட அப்படி ஓடியதில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து நீலமாக ஒரு புகை கிளம்பி, தரையோடு தரையாகத் தவழ்ந்து, எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போய் நுழையும். கருகிய எண்ணெய் நாற்றம். மூக்கோடு நிற்காது, நாக்கில் வந்து படியும். அன்றைக்கு எதைச் சாப்பிட்டாலும் முதல் வாய் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவளுக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகக் குமட்டியது.

பெரியவர் என்றால் அவள் புருஷனின் அண்ணன். வயதில் பெரியவர், வீட்டில் பெரியவர், வாயில் எல்லாரையும்விடப் பெரியவர். வண்டி அவர் பெயரில் இருந்தது. உயரமான, அகலமான வண்டி. ஒரு காலத்தில் யாரோ வசதியானவன் வீட்டு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கும். கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு விதமாக உதைத்துச் சாத்த வேண்டியிருந்தது. அதை வைத்து, ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கும் ஓட்டத்தைப் பிடித்தவள் அவள். ஓட்டுகிறவளும் அவள். பின்சீட்டைத் துடைப்பது, டயருக்குக் காற்றடிப்பது எல்லாமே அவள்தான். பெரியவர் செய்வது ஒன்றே ஒன்று. ஆயில் ஊற்றுவார்.

அதையும் சும்மா செய்யமாட்டார். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் பால் புகட்டுகிற முகத்தோடு கேனைச் சாய்ப்பார்.

"பாரு, எவ்வளவு ஆசையா குடிக்குது."

"குடிக்கக் கூடாது மாமா. இன்ஜின் ஆயில் குடிச்சா அது வியாதி."

"உனக்கு என்னம்மா தெரியும்? குடிக்கிற வண்டியில ஒரு சௌகரியம் இருக்கு. பழசு எரிஞ்சு போகுது, நான் புதுசு ஊத்தறேன். பழசு போகப் போக, புதுசு வர வர, ஆயில் தானா மாறிக்குது. மத்தவன் எல்லாம் வண்டிக்கு அடியில படுத்து, ஆயிலை வடிச்சு, ஃபில்டரைக் கழட்டி, பாதி நாளைக் கெடுத்துக்கிறான். நம்ம வண்டி தன்னைத்தானே கழுவிக்கும். அந்தப் புத்தி எத்தனை வண்டிக்கு இருக்கு, சொல்லு?"

இது அவர் ஜெனரேட்டரிடம் படித்த படிப்பு. கல்லுடைக்கும் ஆலையில் ஜெனரேட்டர் ஓட்டிக் கிடந்த மனுஷன். அங்கே ஆயில் மாற்றுகிறேன் என்று நிறுத்தினால் கல் உடையாது, முதலாளி ஆளை உடைப்பான். குறைந்ததை ஊற்று, ஓட்டு, அவ்வளவுதான் சட்டம். ஜெனரேட்டர் செத்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், வேறொன்று வந்து இறங்கும். அவர் ஓடியதைத்தான் பார்த்தார். செத்ததற்கு என்ன காரணம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. வண்டி வாங்கி வந்த நாளிலிருந்து அதே வித்தையை அதன்மேல் காட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடப் பழைய ஆயிலை வெளியே வடித்ததில்லை.

வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லை. புருஷன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். முதுகில் எவ்வளவு ஏற்றினாலும் தாங்குவான், அண்ணன் முன்னால் மட்டும் நாக்கைத் தூக்கமாட்டான். "அவர் சொன்னா சரியா இருக்கும்" என்பான். கல்யாணமானதிலிருந்து அவள் அவனிடம் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

அவளுக்கு அந்த ஓட்டம் வெறும் ஓட்டமில்லை. அதற்கு முன்னால் அவளும் சலவைக்கூடத்தில்தான் இருந்தாள், பிரிப்பு மேசையில். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியை அவிழ்த்து, கையால் பிரித்து, ரத்தத்தை ஒரு பக்கம், மலத்தை ஒரு பக்கம், சீழ் காய்ந்து அட்டையாக விறைத்ததை இன்னொரு பக்கம் போடும் வேலை. கையுறைக்குள்ளே விரல்கள் ஊறி வெளுத்துத் தோல் உரியும். ஒருநாள் போர்வை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பல் விழுந்தது. இன்னொரு நாள் விழுந்தது என்னவென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மேசையிலிருந்து ஸ்டியரிங்குக்கு வந்தது அவள் வாழ்க்கையில் கிடைத்த ஒரே தப்பித்தல். அது போனால் திரும்பவும் அந்த மேசைதான்.

போய்விடும் போலத்தான் இருந்தது.

"டிரைவரக்கா, கண்ணாடியை இறக்கு. இல்லன்னா காலையில சாப்பிட்டது உன் சீட்டுக்குத்தான்" என்றாள் இஸ்திரிக்காரி. சலவைக்கூடத்தில் பெரிய உருளை இயந்திரத்தில் போர்வைகளைத் தேய்த்துத் தள்ளுகிறவள். உடம்பு சின்னது, குரல் கூடத்தைவிடப் பெரியது.

"இறக்கித்தான்டி இருக்கு. பின்னாடி கண்ணாடி இறங்காது."

"அப்ப புகை மட்டும் எப்படி ஏறுது?"

"ஏண்டி, ஆஸ்பத்திரி மூட்டைக்குப் பக்கத்துல உட்கார்ந்து பன் திங்கிறவ நீ" என்று பின்னாலிருந்து மடிப்புக்காரி கேட்டாள். "உனக்கு இது நாத்தமா?"

"அது மனுஷ நாத்தம்டி. இன்னைக்கு அவங்க, நாளைக்கு நாம. இது எவனோ எண்ணெயில விழுந்து செத்து, அவனை அதே எண்ணெயில பொரிச்ச மாதிரி இருக்கு."

வண்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது வாய்க்குள் அந்த ருசி வந்தது.

சலவைக்கூட வாசலில் மேற்பார்வைக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெண்கள் இறங்கி வரிசையாக உள்ளே போனார்கள். அவர்களுடைய வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தாள்.

"நேத்து வழியில நின்னுட்டே. முந்தின வாரமும் நின்னே. இவங்க லேட்டா வந்தா ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போகாது, டாக்டருங்க என் தலையில ஏறுவாங்க. இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா ஓட்டத்தை மொட்டைகிட்ட குடுத்துடுவேன். அவன் வேனு புகையும் விடல, வாயும் பேசல."

"மேடம்..."

"உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. உன் பழைய மேசை காலியாத்தான் இருக்கு."

நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னாள்.

அன்றைக்கே, பெண்களை இறக்கிவிட்ட கையோடு, பெரியவரைக் கேட்காமல் அவள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். வட்டாரத்தில் எல்லாரும் அவனை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல வேலைக்காரன், கெட்ட வாய். பட்டறை முழுக்கப் பழைய டயரும் வெற்றிலைத் துப்பலுமாக இருக்கும்.

"ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"மாத்துனதில்ல."

"எப்ப கடைசியா மாத்துனீங்கன்னு கேட்டேன்."

"கடைசின்னு ஒண்ணு இல்ல. ஊத்திக்கிட்டே இருக்கோம்."

அவன் ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு இன்ஜின் தலைக்கு மேலே மூடியிருக்கும் டேப்பட் கவரின் போல்ட்டுகளைக் கழற்றினான். கவர் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பினான். சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது.

உள்ளே இரும்பு தெரியவில்லை. கறுப்பாக ஒரு களி. மேலே ஆடை கட்டி, பளபளவென்று, கவரின் உள்பக்க வடிவத்தை அப்படியே அச்சு எடுத்த மாதிரி நின்றது. ஸ்பானர் விரலால் குத்தினான். விரல் முட்டிவரை இறங்கியது. வெளியே இழுத்தபோது சளி மாதிரி நூலிழுத்துக்கொண்டு வந்தது. இடையிடையே கரிக் கட்டிகள், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக. சூட்டில் அதிலிருந்து ஆவி கிளம்பியது.

"த்தூ" என்றான். மெக்கானிக் ஒருவன் இன்ஜினைப் பார்த்துத் துப்பியதை அவள் அன்றுதான் பார்த்தாள். "இது இன்ஜினா, சாக்கடைக் குழியா? ஆயில்தான் எரிஞ்சு போகும், அழுக்கு எங்க போகும்? அது உள்ளயேதான் கிடக்கும். நீங்க மேல மேல ஊத்தி அதைக் காய்ச்சி இறக்கியிருக்கீங்க. பிஸ்டன் ரிங்கு எல்லாம் இதுல ஒட்டிப்போயிருக்கும். ரிங்கு ஒட்டினா ஆயிலை வழிச்சு இறக்காது, மேல ஏறி எரியும். அதனாலதான் குடிக்குது. குடிக்கக் குடிக்க நீங்க ஊத்தறீங்க, ஊத்த ஊத்த இது சேருது."

"கழுவிட முடியாதா?"

"அதைத்தான் செய்யக் கூடாது. நல்லாக் கேட்டுக்குங்க. கழுவினா இது இளகி மொத்தமா அடிச்சட்டிக்கு இறங்கும். அங்க ஆயிலை உறிஞ்சற குழாய் இருக்கு, அதோட வாயில ஒரு சல்லடை. அதுல போய் அப்பிக்கும். அப்புறம் சட்டி நிறைய ஆயில் இருந்தாலும் மேல ஒரு சொட்டு ஏறாது. இரும்பும் இரும்பும் உரசி ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். இன்ஜினை இறக்கி, சட்டியைக் கழட்டி, எல்லாத்தையும் சுரண்டி, ரிங்கு போடணும். வண்டியை விட்டுட்டுப் போங்க."

"வண்டி என் பேர்ல இல்ல."

"அப்ப யார் பேர்ல இருக்கோ அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் அவர் முகத்தைப் பாக்கணும்."

அவள் ஒரு கந்தலில் அந்தக் களியை ஒரு கை அளவு வழித்து எடுத்துக்கொண்டாள். கவரைத் திரும்ப மூட வைத்து வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். ரேகைகளுக்குள் கறுப்பு அப்படியே நின்றது. பிரிப்பு மேசையிலிருந்து வந்த நாட்களில்கூட ஒரு கழுவலில் கை கையாகிவிடும்.

பெரியவர் சாப்பிட்டுவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். அவள் கந்தலை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"என்னது இது?"

"உங்க வண்டியோட வயித்துல இருந்தது."

அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து உருட்டினார். முகர்ந்தார். "நல்லா வழவழன்னுதானே இருக்கு! கிரீஸ் மாதிரி. இது இன்ஜினுக்குப் பாதுகாப்பும்மா. தேயாம இருக்கத் தானா உண்டாக்கிக்கும்."

"மெக்கானிக் துப்பிட்டான் மாமா. இன்ஜினை இறக்கணும்ங்கறான்."

"ஸ்பானரா? அவன் எதைப் பார்த்தாலும் துப்புவான், வாயில வெத்தலை." பிறகுதான் அவருக்கு உறைத்தது. குரல் ஏறியது. "யாரைக் கேட்டுத் திறந்தே? மூடியிருந்த வரைக்கும் ஓடிச்சு இல்ல? காத்து பட்டா கெட்டுப்போற சாமானை எவளாவது திறப்பாளா?"

புருஷன் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீயாவது வாயைத் திற. நான் திரும்ப அந்த மேசைக்குப் போகணுமா?"

அவன் மென்றுகொண்டே சொன்னான்: "அவர் சொன்னா சரியா இருக்கும்."

"இருக்கும். உன் மூடியைத் திறந்தாலும் உள்ள இதுதான் இருக்கும்."

அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை. பெரியவர் விரலில் மிச்சமிருந்ததைச் சுவரில் தேய்த்தார். அந்தச் சுவருக்குத்தான் அவள் போன மாதம் சுண்ணாம்படித்திருந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் எழுந்து வந்தபோது வாசல் முழுக்க டீசல் நாற்றம். பெரியவர் முகமெல்லாம் கறுப்புத் தீற்றலோடு, போரில் ஜெயித்தவர் மாதிரி நின்றார்.

"உன் ஸ்பானர் இன்ஜினை இறக்கணும்னானா? நான் வயித்தைக் கழுவி விட்டுட்டேன். டீசலை ஊத்தி, கொஞ்ச நேரம் உறும விட்டு, வடிச்சேன். பாரு எவ்வளவு வந்திருக்குன்னு." ஒரு வாளியைக் காட்டினார். தார் மாதிரி ஏதோ அதில் மெதுவாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. "இப்ப புது ஆயில் ஊத்தியிருக்கேன். கேளு, சத்தமே இல்ல."

"கழுவக் கூடாதுன்னு சொன்னான் மாமா. சல்லடை அடைச்சுக்குமாம்."

"அவன் பொழப்பு அவனுக்கு. ஏறு, நானும் வரேன். அந்த மேற்பார்வைக்காரி முன்னாடி வந்து நான் இறங்கறேன், அவ ஒரு வார்த்தை பேசட்டும்."

வேறு வண்டி இல்லை. பெண்கள் முக்கில் காத்துக்கொண்டிருப்பார்கள். ஏறினாள்.

உண்மையிலேயே சத்தம் குறைந்திருந்தது. புகையும் குறைந்த மாதிரிதான் தெரிந்தது. பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் பெரியவர் வழியெல்லாம் வாயை மூடவில்லை. "பாத்தீங்களா? கேட்டீங்களா? மூச்சு விடுற மாதிரி ஓடுது."

"ஆமா பெரியவரே" என்றாள் இஸ்திரிக்காரி. "கடைசி மூச்சு இப்படித்தான் மெதுவா வரும். எங்க ஆஸ்பத்திரியில தினம் பாக்கறோம்."

சந்தைக் கட்டடத்தைத் தாண்டியதும் ஒரு தட்டல் கேட்டது. எங்கோ தூரத்தில் ஒருவன் சின்னச் சுத்தியலால் தகரத்தை அடிக்கிற மாதிரி. அவள் காலைத் தளர்த்தினாள். தட்டலும் தளர்ந்தது. அழுத்தினாள், அழுத்தமாக வந்தது. அவள் கண் மீட்டர் பலகைக்குப் போனது. அதில் ஒரு மூலையில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கண்ணாடி விரிசலுக்கு ஒட்டியது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். டேப்பின் ஓரத்தில் இன்றைக்கு ஒரு மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது.

நகத்தால் உரித்தாள். உள்ளே ஆயில் எச்சரிக்கை விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"இது யார் ஒட்டினது?"

"நான்தான்" என்றார் பெரியவர். "எப்பவாவது மினுக்கு மினுக்குன்னு கண்ணைக் குத்தும். அந்த லைட்டு சும்மா எரியும்மா, அதைப் போய்ப் பாத்துக்கிட்டு."

அவள் வண்டியை ஓரங்கட்டிச் சாவியை அணைத்தாள்.

"ஏன் நிறுத்தறே? லேட் ஆயிடும்! லேட் ஆனா ஓட்டம் போயிடும்னு நீதானே அழுதே?"

"இனி ஓட்டினா இன்ஜின் பிடிச்சுக்கும். இத்தனை பேரை வெச்சுக்கிட்டு பாலத்து மேட்டுல நான் ஓட்டமாட்டேன்."

"இறங்கு, நான் ஓட்டறேன். பொம்பளை பயந்தா வண்டி என்ன பண்ணும்?"

அவள் இறங்கினாள். பின்கதவை உதைத்துத் திறந்தாள். "எல்லாரும் இறங்குங்கடி."

ஒருத்தியும் மறுபேச்சுப் பேசவில்லை. பெரியவர் ஸ்டியரிங்குக்கு நகர்ந்தார். "மேட்டு மேல நிப்பேன். நடந்து வந்து ஏறிக்குங்க. அப்பத் தெரியும்" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். தட்டல் இப்போது தெருவுக்கே கேட்டது. அவர் அதை மிதித்து அடக்கப் பார்த்தார். வண்டி பாலத்துக்குப் போகும் ஏற்றத்தில் பாதிதூரம் புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம், இரும்பு அலறுகிற சத்தம். பின்சக்கரங்கள் சுற்றாமல் அப்படியே தேய்ந்து நின்றன. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பும் டக் டக் மட்டும், திரும்பத் திரும்ப.

"போயிடுச்சு" என்றாள் மடிப்புக்காரி.

அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அந்த மனுஷன்மேல், அவரைப் பேச விட்டுக்கொண்டு மென்றவன்மேல், தெரிந்தும் காலையில் ஏறி உட்கார்ந்த தன்மேல். மூன்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு போனை எடுத்தாள். போட்டிக்கு வேன் விடுகிறவன் என்பதால் அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாத பெயருடையவனுக்கு அடித்தாள்.

"யாரு? பெரியவர் தம்பி பொண்டாட்டியா?" மொட்டையின் குரலிலேயே பல் தெரிந்தது. "என்ன, யானை படுத்துடுச்சா?"

"படுத்துடுச்சு. பாலத்து மேட்டுக்குக் கீழ நிக்கறோம். உங்க வேன் உடனே வேணும்."

"வரும். ஆனா இனிமே அந்த ஓட்டம் எனக்கு. மேற்பார்வைக்காரம்மாகிட்ட அதை உன் வாயாலயே சொல்லணும்."

"சொல்றேன். ஓட்டறது நான்தான்."

"எங்கிட்ட டிரைவர் இருக்கான்மா."

இஸ்திரிக்காரி போனைப் பிடுங்கினாள். "யோவ் மொட்டை, உன் டிரைவர் ஓட்டினா காலி வேனைத்தான் ஓட்டணும். இந்த அக்கா உட்கார்ந்தா நாங்க ஏறுவோம். இல்லன்னா நடந்து போயி, நீ வர மறுத்துட்டேன்னு வாசல்ல கத்துவோம். என் குரல் உனக்குத் தெரியுமில்ல?"

"வந்து தொலைக்கிறேன்" என்றான்.

வேன் வந்தது. மொட்டையே ஓட்டி வந்திருந்தான். வேண்டாவெறுப்பாகப் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தான். பெண்கள் ஏறினார்கள், ஜன்னலோரத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கிளப்பினாள்.

ஏற்றத்தின் பாதியில் பெரியவர் சாலை நடுவுக்கே வந்து கையை விரித்து நின்றார். நிறுத்தினாள். அவர் மொட்டையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது, வாய் மட்டும் பழையபடி இருந்தது.

"குடும்ப வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு, போயும் போயும் இவன் வண்டியிலயா? சரி, கதவைத் திற. வீட்டுல விட்டுட்டுப் போ."

"வீடு பின்னாடி இருக்கு மாமா. நாங்க முன்னாடி போறோம்."

"நான் என்ன பண்றது இங்க?"

"உங்க தம்பியைக் கூப்பிடுங்க. சுமக்கறதுக்குன்னே பொறந்தவர்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் முதல் கியரைப் போட்டாள். அவர் தன் வண்டியோரம் ஒதுங்கினார். பக்கக் கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டே போனார், ஒரு கை அதன் பானெட்மேல் இருந்தது.

"பாவம், வயசான மனுஷன்" என்றான் மொட்டை, உள்ளுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பாவம்னா இறங்கித் துணைக்கு நில்லுங்க. நிறுத்தட்டுமா?"

மொட்டை ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் பாலத்தில் ஏறினாள்.